ஊறப்போடாத நார்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க டீச்சர். எனக்குக் கூடை வைக்கக் காலடியில் இடம் இருந்தால் போதும். டீச்சர்தானே நீங்க? இல்லையா? தாலுகா ஆபீஸா? இருக்கட்டும், பார்க்க டீச்சர் மாதிரி இருக்கீங்க, நான் டீச்சர்னே கூப்பிடுதேன். ஒரு பேர் வாயில் வந்துட்டால் அப்புறம் மாத்த வராது எனக்கு.

மானூர் வரைக்கும் நானும் அடக்கிப் பார்த்துட்டேன். இனிமேல் முடியாது. யார்கிட்டயாவது சொல்லலைன்னா சங்கரன்கோவில் போய்ச் சேருறதுக்குள்ள வெடிச்சிருவேன். எனக்கு ஒண்ணும் இல்லையாம் டீச்சர்! ஒண்ணுமே இல்லையாம்! இந்த மஞ்சள் பைக்குள்ள இருக்கு காகிதம். பல் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. பிறகு காட்டுதேன், முதலில் கதையைக் கேளுங்க. மெதுவாத்தான் பேசுவேன். பஸ்ஸில் நாலு பேர் காதில் விழக் கூடாத விஷயமும் இதுல இருக்கு.

என் பேர் உலகம்மா. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வாசலில் ரெண்டு பூக்கடை இருக்கும், பார்த்திருப்பீங்க. முதல் கடை என்னுது. அடுத்தது என் நாத்தனார் ஆவுடைத்தங்கத்தோடது. எங்க வீட்டுக்காரருக்குக் கூடப் பிறந்த தங்கச்சி. ரெண்டு கடைக்கும் நடுவில் ஒரு தண்ணி வாளி. அந்த வாளிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமா உட்கார்ந்து, பதினோரு வருஷம் நாங்க பேசிக்கிடலை. இதை ஒரு ஓரமா வச்சுக்கோங்க, பின்னால் வேணும்.

இப்ப வாய்க்கு வாரேன். பங்குனி முடிஞ்ச சமயம், மேல் வரிசையில் கோரைப்பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் ஈறு இருக்குல்ல, அங்க ஒரு மொக்கு வச்சது. முதலில் பிச்சி மொக்கு நுனி அளவுதான். ஒரு மாசத்தில் செவ்வரளி மொக்கு மாதிரி ஆயிருச்சு. நிறமும் அதே நிறம். வலி கிடையாது. ஆனால் முறுக்கு பட்டாலும் ரத்தம், இட்லி பட்டாலும் ரத்தம், கோபத்தில் பல்லைக் கடிச்சாலும் ரத்தம். எங்க வீட்டுக்காரர் தறியில் முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவர், காது மந்தம், பேச்சும் சுருக்கம். அவர் முன்னால் போய் வாயைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாப் பார்த்தார். "பூ மாதிரித்தான் இருக்கு"ன்னுட்டு மறுபடியும் பேப்பரை எடுத்துக்கிட்டார்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சிரிக்கக் கூடாது. கழுத்தில் மரு வந்தால் தலைமுடியைச் சுத்திக் கட்டுவாங்கல்ல, ரெண்டு நாளில் காய்ஞ்சு விழுந்திரும்னு? எனக்கு முடியை விடக் கைக்கு வந்தது நார்தானே. வாழை நாரை முடி கணக்காக் கிழிச்சு, தண்ணியில் ஊறப்போட்டு, கண்ணாடியை கேஸ் சிலிண்டர் மேல சாய்ச்சு வச்சுக்கிட்டு, அந்த மொக்கோட கழுத்தில் ஒரு கட்டுப் போட்டேன். பூச்சரத்துக்குப் போடுதேனே, அதே கட்டு. ரெண்டு சுத்து, ஒரு இழுப்பு. விழுந்துச்சா? எங்க விழ? அது இன்னும் கோவிச்சுக்கிட்டு வீங்கிருச்சு. அதுக்கப்புறம்தான் எனக்குப் பயம் வந்துச்சு. இது கேன்சர்தான், வேற என்னன்னு நானே முடிவு பண்ணி, நானே அழுது, நானே திருநெல்வேலி பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் சின்னப் பொண்ணு ஒண்ணு, ஜெசிந்தான்னு பேர். டாக்டருக்குப் படிச்சு முடிக்கப் போறாளாம். கையில் ஒரு அச்சடிச்ச பாரத்தை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாக் கேட்டாள்.

"வெத்திலை போடுவீங்களாம்மா?"

"இல்லை."

"புகையிலை?"

"சீ!"

"பாக்கு, மூக்குப்பொடி, பல்லில் ஊக்கு வச்சுக் குத்துறது?"

"எதுவும் கிடையாது."

"பிறகு வாயில் என்னதான்மா வைப்பீங்க?"

"சோறு"ன்னேன்.

பாரத்தில் அடுத்த வரியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் பாரத்தைப் பார்த்தாள். மெதுவாக் கேட்டாள்: "மாசமா இருக்கீங்களா?"

டீச்சர், எனக்கு அம்பத்தெட்டு வயசு! பயந்து நடுங்கிக்கிட்டு இருந்தவ, அந்த நாற்காலியில் படுத்தபடியே சிரிச்சேன் பாருங்க, மேலே தொங்குற லைட்டு ஆடுச்சு. மாசமா இருக்கிற பொண்ணுங்களுக்கு ஈறில் இந்த மாதிரி வருமாம், அதனால் எல்லார்கிட்டயும் கேக்கணுமாம். கேளு தாயி, நல்லாக் கேளுன்னேன். அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சத்தமாச் சொன்னேன், தெருவுக்கே கேட்டிருச்சு.

சிரிச்சதில் வாய் நல்லாத் திறந்திருச்சா, அப்பத்தான் அவள் பார்த்தாள். "என்னம்மா இது, ஏதோ நூல் மாட்டியிருக்கு?"

"நூல் இல்லை, நார்."

இடுக்கியால் பிடிச்சு இழுத்தாள். வரலை. கூடப் படிக்கிற பையனைக் கூப்பிட்டாள். அவன் முனையைத் தேடினான், முடிச்சைத் தேடினான், வரலை. பெரிய டாக்டர் வந்தார். நெத்தியில் விளக்கு, மூக்கில் ரெண்டு கண்ணாடி. அவரும் நோண்டினார். வரலை! மூணு டாக்டர் டீச்சர்! கடைசியில் பொடிக் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தாங்க.

"யாரும்மா இந்த முடிச்சைப் போட்டது?"ன்னார் பெரிய டாக்டர்.

"நான்தான்."

"அவிழவே மாட்டேங்குதே!"

அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் ரெண்டு மொக்கு வந்தாலும் தேவலைன்னு இருந்துச்சு எனக்கு. "டாக்டர், இப்ப சொன்னதை அப்படியே அந்தச் சீட்டில் எழுதுங்க. கட்டு அவிழலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க"ன்னேன். அவர் சிரிச்சுட்டுப் போயிட்டார். அவருக்கு என்ன தெரியும்? என் கட்டைப் பத்தித்தானே பதினோரு வருஷச் சண்டை.

இருங்க, இந்தப் பிச்சி விரியுறதுக்குள்ள ஒரு சரம் கட்டிக்கிட்டே பேசுதேன். கை சும்மா இருந்தால் எனக்கு வாய் வராது. நார் ஈரத்துணியில் இருக்கு. இந்தா, இதைக் கொஞ்சம் மெல்லிசாக் கிழிச்சு… என்ன டீச்சர் அப்படிப் பார்க்கீங்க? ஐயையோ! பார்த்தீங்களா, பல்லில் வச்சுட்டேன்! ஜெசிந்தா பார்த்தால் கொன்னுருவாள். கழுத்தில் கத்தரிக்கோல் கட்டிப் போட்டு அனுப்பியிருக்காள், இந்தா தொங்குது பாருங்க.

அதைத்தான் சொல்ல வந்தேன். மரத்துப் போற ஊசி போட்டு, அந்த மொக்கை அடியோட அறுத்து எடுத்தாங்க. எடுத்த இடத்தில், பல்லோட வேரை ஒட்டி, முள்ளு மாதிரி பொடிசா ஒரு சிலாம்பு. பெரிய டாக்டர் அதை இடுக்கியில் பிடிச்சு வெளிச்சத்தில் காட்டினார். "இது நீங்க கட்டினது இல்லையே. இது உள்ளே கிடந்தது. இது என்ன?"

பார்த்ததும் தெரிஞ்சிருச்சு. நார்தான்.

"இது எப்படிம்மா இங்க வந்தது? வாயில் எதுவும் வைக்க மாட்டேன்னீங்களே?"

"வைக்க மாட்டேன்தான்"னேன். சத்தியமா எனக்கு உறைக்கலை டீச்சர். அவருக்கு என்ன தோணுச்சோ, "பூ கட்டுறதை ஒரு தடவை செஞ்சு காட்டுங்க"ன்னார். பாதி வாய் மரத்துக் கிடக்கு, பஞ்சு வேற. ஆனாலும் பூக்கட்டுன்னால் எனக்கு விடிகாலையும் ஒண்ணுதான், ஆஸ்பத்திரியும் ஒண்ணுதான். கூடையிலிருந்து நாரை எடுத்தேன், இந்தப் பக்கத்துக் கோரைப்பல்லில் கொடுத்து சர்ருன்னு ஒரு இழுப்பு இழுத்துக் கிழிச்சேன். நாற்பது வருஷமா ஒரு நாளைக்கு இருநூறு தடவை செய்யுற வேலை.

அம்புட்டுப் பேரும் கை தட்டினாங்க. நான் என்னமோ என் வேகத்துக்குத் தட்டுறாங்கன்னு நினைச்சேன். "அதான்! அதேதான்!"னார் பெரிய டாக்டர். ஒரு சிலாம்பு ஈறுக்குள்ள ஏறி நின்னுக்கிட்டு, உறுத்தி உறுத்தி, ஈறு அதைச் சுத்திச் சதையை வளர்த்திருக்குன்னார்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"அப்படித்தான் தோணுது. ஆனால் பார்த்ததை வச்சு முடிவு சொல்லக் கூடாது. இதே முகத்தோட நாலஞ்சு வகை வரும். எக்ஸ்ரேயில் எலும்பு நல்லா இருக்கு. எடுத்த சதையை டெஸ்ட்டுக்கு அனுப்புறோம். பத்து நாள் கழிச்சு வாங்க."

இந்த 'ஆனால்'னு சொன்னார் பாருங்க, அதை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கிட்டு வந்தேன். மிச்சத்தை எல்லாம் அங்கேயே விட்டுட்டேன். பத்து நாள்! என் சதை ஒரு குப்பிக்குள்ள எங்கேயோ கிடக்கு, நான் இங்க கிடக்கேன். மூணாம் நாள் எனக்குத் தெளிவாத் தெரிஞ்சிருச்சு, நான் பிழைக்க மாட்டேன்னு. போறதுக்கு முன்னால் தங்கத்துகிட்ட ஒரு வார்த்தை பேசணும்.

தேவர்குளம் வந்துருச்சா? அப்போ நேரம் இருக்கு. சண்டையைச் சொல்லுதேன்.

தங்கம் மகளுக்குக் கல்யாணம். மாலை மாத்துறதுக்கு ரெண்டு மாலை வேணும்ல? நான் ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், இவள் மதுரைக்குப் போன் போட்டு மாலைக்குச் சொல்லியிருக்கா. எனக்கு என்ன வேலை கொடுத்தாள் தெரியுமா? வாரவங்க தலைக்கு வைக்கிற சரம்! சரம் டீச்சர்! சரின்னு கட்டிக் கொடுத்தேன். விடிஞ்சால் முகூர்த்தம், மதுரை வண்டி வழியில் நின்னுருச்சு. ஓடி வந்தாள். "மைனி, நீங்கதான் காப்பாத்தணும்." ஒண்ணரை மணி நேரத்தில் ரெண்டு மாலை. ரோஜாவும் சம்பங்கியும். கட்டிக் கொடுத்தேன்.

பொண்ணு மாலையைத் தூக்கி மாப்பிள்ளை கழுத்தில் போடுதா. தலை வழியாப் பாதி இறங்கும்போது பட்டுன்னு விட்டுருச்சு. ரோஜா ஒரு பக்கம், சம்பங்கி ஒரு பக்கம், மேளக்காரர் மடியில் பாதி. தங்கம் அத்தனை பேர் முன்னால் கத்தினாள்: "மைனி! உங்க கட்டு அவிழ்ந்துருச்சே!" எனக்கு வந்துச்சே ஒரு கோபம். "என் கட்டு அவிழாது. உன் மருமகன் தலைதான் பெருசு!"ன்னேன்.

அவ்வளவுதான். அன்னைக்கோட பேச்சு நின்னு போச்சு. பேசணும்னால் பூ வாங்க வந்தவங்க மூலமாத்தான். "ஏம்மா, அந்தக் கடையில் சொல்லுங்க, வாளித் தண்ணி மாத்தணும்னு." அவள் அங்கிருந்து, "அந்தக் கடையில் சொல்லுங்க, நேத்து மாத்தினது யாருன்னு." நடுவில் நிக்கிறவங்க ஒரு முழம் பூவுக்கு எங்க ரெண்டு பேர் வம்பையும் சேர்த்துச் சுமக்கணும்.

இப்ப சாகப் போறோம்னு முடிவானதும், வாயில் தையலோட, காலையில் கடை விரிக்கிற நேரம், வாளியைச் சுத்தி அந்தப் பக்கம் போனேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. நாலே எட்டுத்தான் டீச்சர். "ஏட்டி தங்கம், அன்னைக்கு என் கட்டுதான் அவிழ்ந்துச்சு"ன்னேன்.

தலையைத் தூக்கவே இல்லை அவள். கையில் இருந்த கனகாம்பரத்தைக் கட்டிக்கிட்டே இருந்தாள். முழம் முடிஞ்ச பிறகுதான் நிமிர்ந்தாள். "முதலில் வாயைத் திறங்க மைனி, பார்ப்போம்."

திறந்தேன். பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைச்சாள். எழுந்து போயிட்டாள். சரி, அவ்வளவுதான்னு நினைச்சேன். மதியம் வாரா, கையில் தூக்குவாளி, குழையக் காய்ச்சின கஞ்சி, உப்புக் கம்மி. அன்னைக்கிருந்து தினமும். என் பூவுக்கும் அவளே தண்ணி தெளிக்கா. இன்னைக்கு என் கடையையும் அவள்தான் பார்த்துக்கிடுதா. எல்லாம் என் வாடிக்கையைப் பிடிக்கத்தான், எனக்குத் தெரியாதா? போன வாரம் ராத்திரி கண் முழிச்சு அழுதாளாம், பக்கத்து வீட்டில் சொன்னாங்க. என் கடை அவளுக்கு அவ்வளவு கண்ணு. ஆனால் கஞ்சி நல்லா இருக்கும் டீச்சர், அதைச் சொல்லணும்.

இன்னைக்குப் போனேனா? பெரிய டாக்டர் காகிதத்தை விரிச்சு வச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் அகல விரிச்சார். "உலகம்மா, ஒண்ணும் இல்லை! கேன்சர் கிடையாது." இந்தா, நீங்களே வாசிங்க. பேர் இங்கிலீசில் அரை முழம் இருக்கு. என்ன? பையோஜெனிக் கிரானுலோமாவா? அதேதான்! அழகா வாசிக்கீங்க, டீச்சர் இல்லைங்கீங்களே. கீழே கட்டைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா? பின்பக்கம் பாருங்க. இல்லையா? இன்னைக்கும் கேட்டதுக்கு டாக்டர் தலையைத் தலையை ஆட்டினார்.

அவர் சொன்னது எனக்கு மனப்பாடம். "உள்ளே ஒண்ணு நின்னு உறுத்திக்கிட்டே இருந்தால் ஈறு சும்மா இருக்காதும்மா. சுத்திச் சுத்திச் சதை போடும். ஈறோட கோபம்னு வச்சுக்கோங்க. தொட்டால் ரத்தம் கொட்டும், பார்க்கப் பயமா இருக்கும், ஆளை ஒண்ணும் செய்யாது. வேர் வரைக்கும் சுரண்டிட்டோம். மிச்சம் கிடந்தாலோ, மறுபடி உறுத்தினாலோ, திரும்பவும் வரும்." சரிங்க டாக்டர்னேன். ஜெசிந்தாவைக் கட்டிப் பிடிச்சேன். வாசலில் நின்ன காவல்காரருக்கு ஒரு சாமந்தி கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேனா பறந்தேனான்னு தெரியலை.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் டீச்சர் எனக்கு உறைச்சது. சாகப் போறோம்னு நினைச்சு உண்மையைச் சொல்லிட்டேன், இப்ப சாகலையே! இன்னும் எத்தனை வருஷம் அந்த வாளிக்குப் பக்கத்தில் உட்காரணும்? அவள் பேசுதது நான் போகப் போறேன்னுதானே? நான் கல்லுக்குண்டு மாதிரி போய் இறங்கினால், கஞ்சியும் நின்னுரும், பேச்சும் நின்னுரும். ஒரு வாரம் பேச்சு ருசி கண்டுட்டேன் டீச்சர், இனி மறுபடியும் வாடிக்கைக்காரங்க மூலமாப் பேச என்னால் ஆகாது. அதனால் ஒரு யோசனை. இறங்கும்போது கன்னத்தில் கையை வச்சுக்கிட்டு, "இன்னும் ஒரு டெஸ்ட் இருக்காம்"னு சொல்லிரலாம். ஆடி முடியுற வரைக்கும் தாங்கும்.

இன்னொண்ணும் இருக்கு. கிட்ட வாங்க, காதைக் கொடுங்க. நான் அவள்கிட்ட பாதிதான் சொன்னேன். அன்னைக்கு மாலைக்கு நான் நாரை ஊறப்போடலை. நேரம் இல்லாமல் இல்லை. பக்கத்திலேயே தண்ணி இருந்துச்சு. மதுரையில் மாலை சொன்னவளுக்கு இது போதும்னு, காய்ஞ்ச நாரில் கட்டினேன். காய்ஞ்ச நார் விட்டுரும்னு எனக்குத் தெரியும். வேணும்னேதான் டீச்சர். இதை எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னதில்லை. உங்ககிட்ட மட்டும்தான்.

ஏன், முன் சீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்காங்க? கண்டக்டர் தம்பி, நீங்க எதுக்குச் சிரிக்கீங்க? எதைக் கேட்டீங்க? எல்லாத்தையுமா? டிரைவருமா? என்ன சொல்லுதீங்க? "நீங்க சொல்லலைன்னால் நான் சொல்லிருவேன் யம்மா"வா? எதுக்குச் சொல்லணும்? தினமும் அவள்கிட்டதான் பூ வாங்குதீங்களா! போச்சு! இந்தப் பஸ்ஸில் பாதிப் பேர் அவள் வாடிக்கை!

ஐயோ, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சே. அதோ பாருங்க டீச்சர், ரவிக்கை பச்சை, கையில் தூக்குவாளி, வாசலில் நிக்காளே, அவள்தான். ரெண்டு கடையையும் விட்டுட்டு வந்து நிக்கா பாருங்க, கூறுகெட்டவ. எந்தப் பஸ்ஸு எந்தப் பஸ்ஸுன்னு ஒவ்வொரு ஜன்னலாத் தேடுதா. இருங்க, கையைக் கன்னத்தில் வச்சுக்கிடுதேன். முகத்தைத் தொங்கப் போடுதேன். இப்படி. சோகமா இருக்கா? இல்லையா? சிரிப்பு வருதே டீச்சர், அடக்க முடியலையே! அவள் முகத்தைப் பாருங்க, சுண்டைக்காய் மாதிரி வத்திப் போய்… நகருங்க, ஜன்னலைக் கொஞ்சம் விடுங்க.

ஏட்டி தங்கம்! ஏட்டி! இங்கட்டு! ஒண்ணும் இல்லையாம்ட்டி! கேன்சர் இல்லையாம்! நார்தானாம்! அழாத சனியனே, தூக்குவாளியைப் பிடி, கொட்டுது! இன்னொண்ணும் கேளு. அன்னைக்கு நாரை ஊறப்போடாமல்தான் கட்டினேன், வேணும்னுதான் செஞ்சேன்ட்டி! சொல்லிட்டேன்!

கேட்டீங்களா டீச்சர் என்ன சொல்லுதான்னு? தெரியுமாம்! மாலையைக் கையில் வாங்கும்போதே நார் மொடமொடன்னு இருந்துச்சாம். மதுரையில் மாலை சொன்னதுக்குத் தனக்கு இது வேணும்னு நினைச்சுத்தான் வாங்கிட்டுப் போனாளாம். பதறிப் போய் ஒரு கத்துக் கத்தினாளாம், அதோட விட்டுட்டாளாம். பிறகு எதுக்குட்டி பதினோரு வருஷம் பேசலை? என்னது? சத்தமாச் சொல்லு!

தலையா?

டீச்சர், அவள் கட்டுக்காகப் பேசாமல் இருக்கலையாம். மருமகன் தலை பெருசுன்னு சபையில் சொன்னேனாம், அதுக்காம்! பதினோரு வருஷமும் அதுக்காம்! ஆனால் பெருசுதான் டீச்சர். நீங்க அவரைப் பார்த்தது இல்லை. தொப்பி வாங்கத் தென்காசிக்குப் போன ஆள். ஊரறிஞ்ச விஷயத்தை நான் எப்படி… அவள் பார்த்துக்கிட்டே நிக்கா. நான் என்ன சொல்லப் போறேன்னு பார்த்துக்கிட்டே நிக்கா.

சரி.

ஏட்டி தங்கம்! உன் மருமகனுக்கு என்னட்டி? தலை அளவாத்தான் இருக்கு! லட்சணமான தலை!

சிரிக்காதீங்க டீச்சர், சிரிக்காதீங்க தம்பி, அவளுக்குத் தெரிஞ்சிரும். கூடையை இப்படிக் கொடுங்க, இறங்குதேன். இந்தாங்க, இந்தச் சரம் உங்களுக்கு, பேசிக்கிட்டே ஒரு முழம் வந்துருச்சு. தலையில் வைங்க. இழுத்துப் பாருங்க, நல்லா இழுங்க. அவிழாது. ஊறப்போட்ட நார்.